ரேஷன் கடையும் இடுப்புச் சுற்றளவும்

உடல் பருமனைக் குறைக்க அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும்: "நான் என்ன சாப்பிடணும்னு சொல்றதுக்கு கவர்மெண்ட் யாரு?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காவிரி டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது அரசு. ஆடுதுறையில் நெல் ரகம் உருவாக்குவது அரசு. விளைந்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு வாங்குவதும், அதை அரைக்க ஆலைக்கு அனுப்புவதும், அரிசியாக்கி ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுப்பதும் அரசு. பள்ளிக்கூடத்தில் காலை உப்புமாவும் மதியம் முட்டையும் கொடுப்பதும் அதே அரசுதான். ஆக, அரசு நம் அடுப்படிக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உள்ளே நின்றுகொண்டு தட்டில் எதைக் கூடுதலாக வைக்கிறது, எதைக் குறைவாக வைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிலவரம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2 சதவீதம்தான். நாலைந்து வருட இடைவெளியில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. அகில இந்திய அளவில் பெண்களில் 24, ஆண்களில் 22.9 சதவீதம். டெல்டாவின் கடைமடையில் இருக்கும் காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அந்தப் பிரதேசத்தில் பெண்களின் கணக்கு 46.2 சதவீதம்.

இந்த ஆய்வு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் எண், 25-உம் அதற்கு மேலும் இருப்பவர்களை எண்ணுகிறது. உலக அளவுகோலில் 25 என்பது அதிக எடை, 30-க்கு மேல்தான் பருமன். ஆனால் நம் ஊர் உடல்வாகில் கொழுப்பு கை கால்களில் தெரியாமல் வயிற்றில் போய்ச் சேர்கிறது. அதனால் இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை, 25-லேயே பருமன் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். தராசைவிட தையல்காரரின் டேப் இங்கே நம்பகமானது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில், எடையும் கூடியிருக்கிறது, சத்தும் குறைந்திருக்கிறது. தின்று கொழுத்த கூட்டம் என்று இதைப் பார்ப்பது தவறு. வயிறு நிறைகிறது, ஆனால் ஒரே வகைப் பண்டத்தால் நிறைகிறது.

இங்கே கொஞ்சம் பழைய கதை பேசாமல் முடியாது. டெல்டாவில் நெல் விளைந்த அளவுக்கு, அதை விளைவித்தவர்கள் வீட்டில் சோறு இருந்ததில்லை. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, வந்த பிறகும்கூட நீண்ட காலம், கூலி நெல் எவ்வளவு என்பதே பெரிய போராட்டம். பண்ணையில் வேலை செய்த குடும்பத்துக்குக் கஞ்சியும் கூழும்தான். வெள்ளைச் சோறு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ. இன்று ரேஷன் அரிசி வாங்கும் பாட்டிகளுக்கு அந்த நினைவு இருக்கிறது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று அரிசி வந்தபோது, அது பசியோடு சேர்த்து ஒரு அவமானத்தையும் துடைத்தது. அப்படிப்பட்ட வீட்டில் போய் "அரிசியைக் குறையுங்கள்" என்று ஒரு அதிகாரி சொன்னால் அது காதில் எப்படி விழும்? சத்துணவு ஆலோசகர்கள் பலருக்கு இந்த இடம் புரிவதில்லை. அரிசியைப் பிடுங்கும் எந்தத் திட்டமும் டெல்டாவில் எடுபடாது. எடுபடவும் கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தச் சோறு செரித்துக்கொண்டிருந்த உழைப்பு போய்விட்டது. குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் முழுக்க நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுப்பு, களத்துமேடு என்று இருந்த வேலைகளில் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அறுப்பு இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை முன்பு ஒரு கூட்டம் ஒரு நாள் முழுக்கச் செய்தது. நேரடி விதைப்பு பெருகப் பெருக நடவாட்களுக்கு வேலை குறைகிறது. வீட்டுக்குள் 2011-க்குப் பிறகு அரசே கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் முதுகை உடைத்த சாமான்கள். அவை திண்ணையில் ஓரமாகக் கிடப்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. "அந்தக் காலத்துப் பொம்பளைங்க" என்று பெருமூச்சு விடுகிறவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லைச் சுற்றியிருப்பார்கள்? உழைப்பு குறைந்தது நல்லது. குறைந்த உழைப்புக்கு ஏற்பத் தட்டு மாறவில்லை என்பதுதான் சிக்கல்.

சரி, தட்டுக்கு வருவோம். நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். இதை ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு என்று வகுத்துப் பாருங்கள். அரிசி 167 கிராம். சர்க்கரை 17 கிராம் கிட்ட. எண்ணெய் 8 கிராம் கிட்ட. பருப்பும் 8 கிராம்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் உணவு வழிகாட்டுதல்களைப் புதுப்பித்தது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு-பயறு 85 கிராம், காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. மீன், முட்டை சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல எல்லை சுமார் 25 கிராம்.

இப்போது இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். தேவையான தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ரேஷனில் வருகிறது. சர்க்கரை எல்லையிலும் மூன்றில் இரண்டு பங்கு ரேஷனிலேயே வந்துவிடுகிறது. எண்ணெய் அளவுக்குள்தான் இருக்கிறது. பாமாயிலைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பருப்பு மட்டும் பத்தில் ஒரு பங்கு. காய்கறி கணக்கிலேயே இல்லை. மிச்சத்தை வீட்டுக்காரர்கள் சந்தையில் வாங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கையில் காசு குறைந்தவர்கள் எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இலவசமாக இருப்பதைக் கொண்டு நிரப்புவார்கள். குழம்பு தண்ணியாக இருக்கும்போது சோறுதான் இரண்டாம் முறை விழும்.

சர்க்கரையில் ரேஷனோடு கதை முடிவதில்லை. டெல்டாவில் டீக்கடை என்பது வெறும் கடை இல்லை, ஊர்ப் பொதுச்சபை. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் வீதம், நாளைக்கு நாலு டீ குடிக்கிற ஆளுக்கு 40 கிராம் அங்கேயே ஆகிவிடும். கூடவே ஒரு வடை, பஜ்ஜி. கும்பகோணம் டிகிரி காபியும் திருவையாற்று அசோகாவும் எப்போதோ ஒரு நாள் என்றால் பிரச்சினையே இல்லை. தினசரிக் கணக்குதான் இடுப்பில் ஏறுகிறது.

இதனால்தான், உலகம் முழுக்கப் பேசப்படும் "சர்க்கரை வரி" டெல்டாவில் பாதிதான் வேலை செய்யும். வரி நல்ல ஆயுதம் என்பதில் சந்தேகமில்லை. மெக்சிகோ 2014-இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை குறைந்தது. பிரிட்டன் 2018-இல் சர்க்கரை அளவுக்கு ஏற்ப வரியைப் படிப்படியாக வைத்தது. வரியைத் தவிர்க்கக் கம்பெனிகளே பானத்தில் சர்க்கரையைக் குறைத்தன. அதுதான் கெட்டிக்காரத்தனமான வரி. டென்மார்க் 2011-இல் கொழுப்புக்கு வரி போட்டு ஒன்றேகால் வருடத்தில் திரும்பப் பெற்றது. பக்கத்தில் கேரளம் 2016-இல் பெரிய பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத வரி விதித்தது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. இன்று ஒரு மாநில அரசு நினைத்தாலும் தனியாகக் கொழுப்பு வரி போட வழி இல்லை.

ஜி.எஸ்.டி.யின் போக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம். நல்லது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவை 18-இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின; பாக்கெட் மிக்சர் வகையறா 12-இலிருந்து 5-க்கு இறங்கியது; பாக்கெட் பரோட்டாவுக்கு வரியே இல்லை. நடுத்தரக் குடும்பத்தின் செலவைக் குறைக்கிறோம் என்ற கணக்கில் செய்தது. அதே 2025-இல் பிப்ரவரி மாதம் பிரதமர் வானொலி உரையில் சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தார். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அது போகட்டும், டீக்கடைக்காரர், தெருமுனை பஜ்ஜிக் கடை, ஊர் பேக்கரி இவர்களில் பலர் ஜி.எஸ்.டி. வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள். நாம் சாப்பிடும் நொறுக்குத் தீனியில் பெரும்பகுதி வரி எட்டாத இடத்தில் பொரிகிறது.

சட்டங்களும் இருக்கின்றன. எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆலையிலேயே பிடிப்பதால் வேலை செய்யும் விதி அது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் ஒரு விதி வந்தது. மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் நின்று பாருங்கள், ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் எவ்வளவு தூரத்தில் தொங்குகின்றன என்று. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை போடுவது இன்னும் இழுபறி. சிலி நாடு 2016-இலேயே கறுப்பு எண்கோணம் போட்டுவிட்டது. இங்கே 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவெடுக்கச் சொன்னது. அப்புறம் அவகாசம் கேட்டார்கள். சத்தில்லாத பண்டத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தாலும் பார்க்கிறவருக்கு அது பாராட்டு போலத்தான் தெரியும். எச்சரிக்கை என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நடைப்பயிற்சி, ஜிம், விழிப்புணர்வு முகாம் இதையெல்லாம் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்து "நடப்போம் நலம் பெறுவோம்" தொடங்கினார்கள். மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்கு உதவும். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் விடியற்காலையில் நடக்க வேண்டுமென்றால், மணல் லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலை ஓரத்தில், விளக்கில்லாத இடத்தில்தான் நடக்க வேண்டும். அவளுக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். வாய்க்கால் கரையில் ஒரு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு போட்டால் போதும். அது ஊராட்சியின் வேலை, பெரிய செலவும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. உண்மையிலேயே நல்ல திட்டம், ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆனால் அது நோய் வந்த பிறகு ஆரம்பிக்கிறது. எடை குறைக்கும் ஊசிகளும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஒரு கடைமடைக் கூலிக் குடும்பத்துக்கு அவை வந்த விலையில் அது பேச்சுக்குக்கூட இல்லை.

அரசு நினைத்தால் தட்டைச் சரியாக அமைக்க முடியும் என்பதற்கு உதாரணம் டெல்டாவிலேயே இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில். அதன் அளவு, ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், கூடவே காய்கறி. ஒரு வேளையில், ஒரு சின்னப் பிள்ளைக்கு 15 கிராம் பருப்பு. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ரேஷன் கடை கொடுக்கும் பருப்போ ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தெரிந்த கணக்கு கிட்டங்கிக்குத் தெரியவில்லை.

பருப்பைக் கூட்டினால் எடை இறங்கிவிடுமா? தானாக இறங்காது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்த இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2025-இல் சொன்னதைக் கவனிக்கலாம். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்தக் கலோரியில் ஐந்து சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் வாய்ப்பு குறையும். அரிசியிலிருந்து கோதுமைக்கோ கேழ்வரகுக்கோ மாறுவதில், மொத்த மாவுச்சத்து அப்படியே இருந்தால், அந்தப் பலன் இல்லை. "சப்பாத்தி டயட்" இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இங்கேதான் டெல்டாவின் சொந்த விஷயம் வருகிறது. உளுந்தும் பாசிப்பயறும் இந்த மண்ணின் மூன்றாம் போகம். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் காயாத வயலில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். தனியாக உழவில்லை, தண்ணீரில்லை. மிச்ச ஈரத்திலும் தைப் பனியிலும் அது வளரும். இதற்கென்றே ஆடுதுறை ரகங்கள் உண்டு. நிலத்துக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீவனம், வீட்டுக்கு இட்லி மாவும் சுண்டலும். அறுப்பு இயந்திரம் வந்தபின் அதன் சக்கரத்தடத்தில் முளைத்த பயிர் நசுங்கிப்போகிறது. அதனால் பலர் அறுப்புக்குப் பிறகு விதைக்கிறார்கள், ஈரம் போதாமல் விளைச்சல் அடிபடுகிறது. கோடையில் பருத்திக்குப் போனவர்களும் உண்டு.

இயந்திரத்தைவிடப் பெரிய காரணம், வாங்க ஆள் இல்லை. நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் தகராறு, மழையில் மூட்டை நனைவது, மூட்டைக்குக் கை நீட்டுவது என்று ஆயிரம் குறை இருந்தாலும், நெல் நிச்சயமாக விலை போகும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்னம் 2,545 ரூபாய் என்று மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து அறிவித்தார்கள். அதே ஆண்டு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை உளுந்துக்கு 7,800, பாசிப்பயறுக்கு 8,768. காகிதத்தில் நல்ல விலை. ஆனால் அந்த விலைக்கு வாங்குவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில், விளைச்சலில் ஒரு பகுதியை மட்டும், சில வாரங்களுக்கு மட்டும். மற்றபடி வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. அப்புறம் விவசாயி எதை விதைப்பார்?

இன்னொரு பக்கம், ரேஷனுக்கான துவரம் பருப்பை டெண்டர் விட்டு வெளியிலிருந்து வாங்குகிறோம். கனடா மஞ்சள் பருப்பு வந்த காலமும் உண்டு. சிறப்புத் திட்டத்தில் முன்பு உளுந்தும் இருந்தது, பின்னர் நிறுத்திவிட்டார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னை விவசாயிகள் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கேட்கிறார்கள். கஜா புயலில் மரங்களை இழந்தவர்களின் கோரிக்கை அது, பொருளாதார நியாயம் இருக்கிறது. பருமனுக்கு அதனால் லாபமில்லை, எந்த எண்ணெயும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். பயறு விஷயத்தில் விவசாயிக்கும் வயிற்றுக்கும் ஒரே வழியில் நன்மை கிடைக்கிறது. அப்படி அமைவது அபூர்வம்.

செலவு? மாநிலத்தில் சுமார் 2.2 கோடி அட்டைகள். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ கூடுதல் பயறு என்றால் மாதம் 22,000 டன், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல். கிலோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,600 கோடி ரூபாய் சொச்சம். உணவு மானியத்துக்கு ஏற்கெனவே ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் போகிறது. எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். விருப்பப்பட்டவர்களுக்கு என்று ஆரம்பிக்கலாம்.

அரிசியை வேண்டாம் என்று சொல்கிற குடும்பத்துக்கு வேறு பொருள் கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் புதிதும் இல்லை. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். காரைக்காலில் சில ஆண்டுகள் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். மக்கள் அரிசியையே கேட்டார்கள், 2024 தீபாவளியை ஒட்டி அது திரும்பி வந்தது. பணத்தைவிடப் பொருளைத்தான் மக்கள் நம்புகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பழைய ஏற்பாடு ஒன்று இன்றுவரை நடக்கிறது. சர்க்கரை அட்டை என்று ஒரு வகை இருக்கிறது. அரிசி வேண்டாம் என்று அதை வாங்குகிறவர்களுக்கு, வழக்கமான சர்க்கரையோடு, அரிசிக்கு ஈடாக மாதம் இன்னும் மூன்று கிலோ சர்க்கரை, மொத்தம் ஐந்து கிலோ வரை. அந்த மூன்று கிலோவைப் பயறாக மாற்றிக்கொள்ளலாம் என்று முதலில் அவர்களுக்கும், ஐந்து கிலோ அரிசியை விட்டுக்கொடுத்தால் ஒரு கிலோ பயறு என்று பிறகு அரிசி அட்டைக்காரர்களுக்கும் சொல்ல ஒரு அரசாணை போதும். கொள்முதலுக்குப் புதிதாகக் கட்டடமும் வேண்டாம். மாசி, பங்குனியில் சம்பா நெல் வரத்து ஓய்ந்து கொள்முதல் நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டும் நேரத்தில்தான் உளுந்தும் பயறும் காய்ந்து களத்துக்கு வருகின்றன.